கூட வந்தவர்கள்

1

பினாங்கு விமான நிலையத்தில் ஒரே விமானத்திலிருந்து இறங்கிய நானும் என் மகளும் வேறு வேறு வரிசையில் நின்றோம். என்னிடம் நிரந்தர வசிப்பு அட்டை இருக்கிறது. உள்ளூர்க்காரர்களோடு சேர்ந்து சட்டென்று வெளியே வந்துவிட்டேன். கயல் வெளிநாட்டார் வரிசையில் முதுகுப்பையோடு நின்றுகொண்டிருந்தாள். இந்த ஊரில் பிறந்தவள், பள்ளிப்படிப்பு முழுவதையும் இங்கேயே முடித்தவள். கவுண்டரில் இருந்த பெண், "பினாங்குக்கு முதல் தடவையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். இவள் மலாயில், அதுவும் பினாங்குக்காரர்கள் பேசுகிற மலாயில், பிறந்ததே இங்கேதான் என்று பதில் சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் கடவுச்சீட்டைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். வெளியே வந்த கயல் இதைச் சிரிப்பாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

ஊரில் இருப்பவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்களைப் போல இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளை இங்கே பிறந்தாலும் அதற்கு இந்தியக் கடவுச்சீட்டுதான். எனக்கும் என் மனைவி வசந்தாவுக்கும் பல வருடம் நடையாய் நடந்து நிரந்தர வசிப்பு கிடைத்தது. கயலின் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. அவளுக்குப் பால்பல் விழுந்தபோதும் பரிசீலனையில்தான் இருந்தது. மருத்துவம் படிக்க ஆசைப்பட்டாள். இங்கே அரசாங்க இடம் குடிமக்களுக்கு. தனியார் கல்லூரி என் சம்பளத்துக்கு எட்டாது. மதுரையில் என் அண்ணன் வீடு இருக்கிறது, அங்கே ஒரு கல்லூரியில் இடமும் கிடைத்தது, அனுப்பிவிட்டோம். நான் வேண்டாம் என்று கிளம்பி வந்த ஊருக்கே என் பெண்ணைப் பார்சல் பண்ணியது போல ஆயிற்று.

அந்தப் படிப்பில் ஒரு மாதம் விருப்பப்பட்ட இடத்தில் பயிற்சி எடுக்கலாம் என்று ஓர் ஏற்பாடு உண்டு. கயல் பினாங்கைக் கேட்டாள். கல்லூரி முனகிக்கொண்டே சம்மதித்தது. ஜார்ஜ் டவுனில் ஒரு மருத்துவமனை அவளை 'வெளிநாட்டு மாணவி' என்று ஏற்றுக்கொண்டது. நானே போய் அழைத்து வந்தேன். நான் உடனே கணக்குப் போட்டுவிட்டேன். இந்த மாதம் நல்லபடியாக முடிந்து, துறைத் தலைவர் நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுத்தால், படிப்பு முடிந்ததும் அவள் இங்கேயே வேலைக்கு முயற்சி செய்யலாம். பிள்ளை வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். கயலிடம் இதைக் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? லிட்டில் இந்தியாவில் துணிக்கடைக்காரர் முதல் தொழிற்சாலையில் பக்கத்து மேசைக்காரர் வரை எல்லோருக்கும் சொல்லியாயிற்று. "உங்க வாயில எதுவும் நிக்காது" என்றாள் வசந்தா.

2

என் வேலை தெற்கே பாயான் லெப்பாஸில். மருத்துவமனை வடக்கே. கெலுகோர் வீட்டிலிருந்து தினமும் காலையில் அவளை வடக்கே கொண்டுபோய் இறக்கிவிட்டு, அதே நெரிசலில் தெற்கே திரும்பி ஓட்டுவேன். பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றாள். விடுவேனா?

காரில் ஏறியதுமே தகராறு தொடங்கிவிடும். நான், "காடிய அந்தப் பக்கம் நிறுத்தட்டா?" என்பேன். "கார்னு சொல்லுங்கப்பா" என்பாள். "ஏன்லா, உனக்கு இப்ப காடின்னா புரியாதா?" என்பேன். "மதுரையில பெரியப்பா உங்க பேச்ச நடிச்சுக் காமிச்சு எல்லாரையும் சிரிக்க வைக்கிறாரு. வாக்கியத்துக்கு வாக்கியம் லா போடுறீங்களாம்." அண்ணன் என்னைக் கேலி செய்வது எனக்குப் புதிதல்ல. மகள் அண்ணன் கட்சிக்குப் போய்விட்டதுதான் புதிது. ஐந்து வயதில், "தமிழ்ல பேசு, தமிழ்ல பேசு" என்று நான் பின்னாலேயே திரிந்த பிள்ளை இப்போது என் தமிழைத் திருத்துகிறது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம் என்று வசந்தா சொன்னாள். எனக்கு என்னவோ சந்தோஷம் வரவில்லை.

இங்கே டாக்டர்கள் கட்டிலில் இருப்பவரிடமே பேசுகிறார்கள் என்று முதல் வாரத்திலேயே கயல் ஆச்சரியமாகச் சொன்னாள். "அங்க அப்படி இல்லப்பா. ரவுண்ட்ஸ் வந்தவுடனே சார் கேக்குற முதல் கேள்வி, 'கூட யாரு வந்திருக்கா?' அப்புறம் அவங்கள வெளிய கூட்டிட்டுப் போயிதான் பேசுவாரு." எனக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. என் அப்பா மதுரையில் வயிற்று வலியோடு படுத்திருந்தபோது டாக்டர் என்னையும் அண்ணனையும்தான் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். தூணோரம் நின்று அவர் சொன்னதைக் கேட்டோம். முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய், "அல்சராம்ப்பா, காரத்தைக் குறைக்கச் சொல்றாங்க" என்றோம். அப்பா கடைசிவரை காரத்தைக் குறைத்தார். நாங்கள் செய்தது பாசத்தால் செய்தது. இன்றைக்கும் அதில் எனக்கு வருத்தம் இல்லை, யார் என்ன சொன்னாலும் சரி.

3

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் மாலை கயல் காரில் ஏறியதும் பெல்ட்டைப் போடாமலே உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டேன். வண்டியை எடுங்கள் என்றாள். ஜெலுத்தோங் தாண்டியதும் சொல்லத் தொடங்கினாள்.

வார்டில் ஸ்டெல்லா என்று ஒரு பெண் இருந்தார். ஐம்பது வயது இருக்கும், திருமணம் ஆகாதவர், ஓர் அலுவலகத்தில் கிராணி வேலை. நம் ஊரில் கிளார்க் என்போம். மார்பில் கட்டி. பரிசோதனை முடிவு வந்துவிட்டது, புற்றுநோய்தான். அன்று காலை துறைத் தலைவர் டாக்டர் ரொஹானா அவர் கட்டிலருகே உட்கார்ந்து நிதானமாக எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். ஸ்டெல்லா அழுதிருக்கிறார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்திருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனை: வீட்டில் யாருக்கும் இப்போது தெரியக்கூடாது, நேரம் பார்த்து அவரே சொல்லிக்கொள்வார். அந்த நேரத்தில் கயல் வேறு பிரிவில் இருந்தாள். பரிசோதனை முடிவு மட்டும் மதிய வகுப்பில் அவள் காதில் விழுந்திருக்கிறது.

மாலையில் பார்வையாளர் நேரம். கெப்பாலா பத்தாஸிலிருந்து ஸ்டெல்லாவின் தம்பி சேவியர் வந்திருக்கிறார். அந்த மருத்துவமனையில் தமிழ் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவர் கண்ணில் முதலில் பட்டவள் வெள்ளைக் கோட்டில் நின்ற இவள். "தங்கச்சி, எங்கக்காவுக்கு என்னா? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாங்க" என்று கேட்டிருக்கிறார். கூட வந்தவர், ரத்த சொந்தம், கண் கலங்கி நிற்கிறார். நாலு வருடம் பார்த்துப் பழகிய வழக்கம், யோசிக்கவே இல்லை. "அண்ணே, கொஞ்சம் வெளிய வாங்க" என்று நடைபாதைக்கு அழைத்துப் போனாள். பக்குவமாகத்தான் சொல்லியிருக்கிறாள். கடைசியில், "அக்காகிட்ட இப்ப எதுவும் சொல்லாதீங்க, மனசு விட்டுருவாங்க. மெதுவா சொல்லிக்கலாம்" என்றும் கேட்டுக்கொண்டாள்.

தம்பிக்குத் தெரியக்கூடாது என்று அக்கா உள்ளே மூடி வைத்திருக்கிறார். அக்காவுக்குத் தெரியக்கூடாது என்று தம்பி வெளியே மூக்கைச் சிந்துகிறார். நடுவில் என் மகள்.

சேவியர் உள்ளே போய், "ஒண்ணுமில்லக்கா, சின்னக் கட்டிதான், டாக்டருங்க சும்மா பயமுறுத்துவாங்க" என்று ஆரம்பித்திருக்கிறார். ஸ்டெல்லா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாராம்: "ஒங்கிட்ட சொன்னது யாரு?"

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. ஆபரேஷனெல்லாம் வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன், முதலில் வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு அப்புறம் இந்தியாவில் நல்ல டாக்டரைப் பார்க்கலாம் என்று சேவியர் வார்டில் நின்று சத்தம் போட்டார். ஸ்டெல்லா தாதியைக் கூப்பிட்டு டாக்டர் ரொஹானாவைப் பார்க்க வேண்டும் என்றார். டாக்டர் ரொஹானா கயலைக் கூப்பிட்டார். திட்டவில்லையாம். "நோயாளியின் ரகசியம் நோயாளியுடையது. யார் உங்களுக்கு அனுமதி கொடுத்தது?" என்று மட்டும் கேட்டாராம். விசாரித்து முடிவு சொல்லும் வரை வார்டுக்கு வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். பயிற்சி நிறுத்தப்பட்டால் மதுரைக் கல்லூரிக்கும் தகவல் போகும். இந்த ஊரில் வேலை கேட்கிற வாய்ப்பும் அதோடு போயிற்று.

"ஐயோ, நல்லதுன்னு நினைச்சுத்தானே செஞ்ச" என்றேன்.

"அதத்தாம்ப்பா நானும் சொன்னேன். யாருக்கு நல்லதுன்னு கேட்டாங்க" என்றாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. தம்பியிடம் சொன்னது கொலைக்குற்றமா? இதே ஊரில் என்னோடு வேலை செய்கிறவர்களின் குடும்பங்களிலும் இப்படித்தான் மறைக்கிறார்கள், சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று பாகுபாடே கிடையாது. என் பெண் மட்டும் மாட்டிக்கொண்டாள்.

4

மறுநாள் தொழிற்சாலையில் எதிலும் கை ஓடவில்லை. பழுதான சிப்புகளைப் பார்த்து எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பதுதான் என் வேலை. அன்று நல்லதையும் பழுது என்று ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு மருத்துவமனைக்குப் போனேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு தகப்பன் நேரில் போய்ப் பணிவாக நாலு வார்த்தை பேசினால் எதுவும் சரியாகிவிடும் என்பது என் நம்பிக்கை. மதுரையில் அப்படித்தான் காரியங்கள் நடந்தன. இங்கேயும் பாதிக் காரியங்கள் அப்படி நடந்திருக்கின்றன.

டாக்டர் ரொஹானா என்னைவிட இளையவர். எழுந்து வணக்கம் சொல்லி உட்கார வைத்தார். என்ன உதவி வேண்டும் என்று கேட்டார். நான் மலாயும் ஆங்கிலமும் கலந்து தொடங்கினேன். பிள்ளை சின்னவள், அங்கே பழகிய வழக்கம் அப்படி, இந்த ஊரிலேயே பிறந்தவள், படிப்பு முடிந்து இங்கேயே வருவதாக இருக்கிறாள், மனது வைக்க வேண்டும். எல்லாவற்றையும் முகம் மாறாமல் கேட்டார்.

"நீங்கள் இங்கே வந்திருப்பது கயலுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்படியென்றால் மன்னிக்க வேண்டும். அவர் சம்மதம் இல்லாமல் அவரைப் பற்றி நான் உங்களிடம் பேச முடியாது."

"நான் அவளோட அப்பா, டாக்டர்."

"புரிகிறது" என்றார். கதவு வரை வந்து வழியனுப்பினார். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. அந்த மரியாதையில்தான் எனக்குக் காது சூடாகிவிட்டது.

கீழே கேன்டீனில் பால் சேர்க்காத ஒரு கோப்பி ஓ சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எதிர் நாற்காலியில் இருந்தவர், "அண்ணே, ஒங்களுக்கு யாரு உள்ள இருக்காங்க?" என்று கேட்டார். மகள் என்றேன். அட்மிட் பண்ணியிருக்கிறதா என்றார். இல்லை, படிக்கிறாள் என்றேன். அவர் தன் கதையைச் சொல்லத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் ஆள் யார் என்று புரிந்துவிட்டது.

"எங்கக்கா லா. நேத்துலேர்ந்து மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்குது. நா என்னாண்ணே தப்பு பண்ணேன்? கூடப் பொறந்தவன் நா. அது தனியா ஃப்ளாட்ல கெடக்குது. இந்த மாதிரி சீக்க வச்சிக்கிட்டு எங்கிட்ட மறைக்குதே, என்னா நியாயம் இது?"

"உங்ககிட்ட விஷயத்தச் சொன்ன பொண்ணு என் மகதான்" என்றேன்.

கையைப் பிடித்துக்கொண்டார். "அட, ஒங்க மகளா? தங்கமான பிள்ளண்ணே அது! அது சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது. அதப் போயி நிறுத்திட்டாங்களாமே. நா வேணும்னா ஆபீஸ்ல வந்து சொல்றேன். நல்ல பிள்ளைன்னு எழுதியே குடுக்குறேன்லா."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. நியாயம் தெரிந்த மனிதர் ஒருவராவது இருக்கிறாரே! இருவரும் இன்னொரு கோப்பி வாங்கிக் குடித்தோம். குடும்பம் என்று எதற்கு இருக்கிறது என்று அவர் கேட்டார், அதானே என்றேன். அவர் எனக்கு ஆறுதல் சொன்னார், நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். மேலே வார்டில் இருந்த பெண்ணிடம் யார் என்ன கேட்டார்கள் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

இந்த நல்ல செய்தியைச் சொல்லக் கயலுக்குப் போன் செய்தேன். முழுவதையும் கேட்டாள்.

"அப்பா, ரொஹானா மேடத்தப் பாத்தீங்களா?"

"பாத்தேன். ஆனா அவங்க..."

"ஸ்டெல்லா அக்காவையும் பாத்தீங்களா?"

"இல்ல, இனிமேதான். பழம் வாங்கி வச்சிருக்கேன்."



"காடியில போயி உக்காருங்கப்பா" என்றாள். "தயவு செஞ்சு வேற யார்கிட்டயும் பேசாதீங்க. நான் வர்றேன்."

5

அவள் வந்ததும் என்னைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டாள். நான் கார் நிறுத்துமிடத்தில் வெயிலில் உட்கார்ந்திருந்தேன். இறங்கி நடந்தேன், திரும்பவும் உட்கார்ந்தேன். பழப்பையை முன் இருக்கையிலிருந்து பின் இருக்கைக்கு மாற்றினேன். மகளுக்குப் பிரசவம் நடக்கும்போது வெளியே நிற்கும் தகப்பன்கூட இவ்வளவு தவித்திருக்க மாட்டான்.

உள்ளே நடந்ததைப் பிறகு அவள் சொல்லித்தான் தெரியும். டாக்டர் ரொஹானாவிடம் அனுமதி கேட்டாள். ஸ்டெல்லா பார்க்கச் சம்மதித்தால் போகலாம் என்றாராம். ஸ்டெல்லா சம்மதித்தார். கயல் மன்னிப்புக் கேட்டாள். மதுரை வழக்கம், மதிய வகுப்பில் பாதி மட்டும் கேட்டது, எதையும் சாக்காக இழுக்கவில்லை. ஸ்டெல்லா அவளைக் கட்டிலருகே உட்காரச் சொன்னாராம்.

"எந்தம்பி கெட்டவன் இல்லமா. ஆனா அவனுக்குத் தெரிஞ்சா அப்புறம் இந்த ஒடம்பு என்னோடது இல்ல. ஆபரேஷன் முடிச்சிட்டு சொல்லலாம்னு இருந்தேன். நீ எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? நாந்தான இங்க படுத்திருக்கேன்?"

கயலுக்கு அங்கேதான் அழுகை வந்திருக்கிறது. ஸ்டெல்லா அவளுக்கு டிஷ்யூ எடுத்துக் கொடுத்தார். பிறகு டாக்டர் ரொஹானாவிடம், இந்தப் பிள்ளையை நிறுத்த வேண்டாம், ஆனால் தினமும் வந்து என்னிடம் கேட்டுவிட்டுத்தான் என்னைத் தொட வேண்டும் என்று சொல்லிவிட்டார். எழுத்தில் ஓர் எச்சரிக்கையோடு பயிற்சி தொடர்ந்தது.

அறுவை சிகிச்சை குறித்த நாளில் நடந்தது. சேவியர் வந்திருந்தார். வேளாங்கண்ணிப் பேச்சை விடவில்லை, குணமானதும் கூட்டிப் போகிறேன் என்று மாற்றிக்கொண்டார். அக்காவின் தலைமாட்டில் ஜெபமாலையை வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டாராம். கண் விழித்ததும் ஸ்டெல்லா கயலிடம், "தம்பிய உள்ள வரச் சொல்லுமா" என்றிருக்கிறார்.

இதையெல்லாம் கேட்ட வசந்தா என்னைப் பார்த்து, "உங்களையும் யாராவது வெளிய உக்கார வச்சா நல்லாருக்கும்" என்றாள். நான் சிரித்தேன். உள்ளுக்குள் என் கணக்கு மறுபடியும் எழுந்து உட்கார்ந்துவிட்டது. கண்டம் தாண்டியாயிற்று, பிள்ளை வந்துவிடுவாள்.

6

கடைசி நாள் பயிற்சி முடிந்து வந்தவள், கடற்கரைப் பக்கம் போகலாம் என்றாள். எஸ்பிளனேட் மதில் ஓரமாக நடந்தோம். மாலை வேலை முடித்தவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ரொஹானா மேடம் நல்லவிதமாக எழுதிக் கொடுத்திருக்கிறார், இங்கே விண்ணப்பித்தால் பரிந்துரைப்பதாகவும் சொன்னார் என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே வசந்தாவுக்குப் போன் செய்ய வேண்டும் போலிருந்தது. கை பைக்குள் போய்விட்டது.

"ஆனா நான் வரலப்பா" என்றாள்.

நான் நின்றுவிட்டேன்.

"படிப்பு முடிச்சுட்டு மதுரையிலயேதான் இருக்கப்போறேன். இங்க நான் பொறந்தேன்னு ஒவ்வொருத்தர்கிட்டயா சொல்லிக்கிட்டே இருக்க முடியாதுப்பா. அங்க யாரும் கேக்கறதில்ல. அப்புறம், அங்க வார்டுல கட்டில் கட்டிலா படுத்திருக்காங்கள்ல, அந்தப் பொம்பளைங்ககிட்ட உக்காந்து பேசணும்னு ஆசையா இருக்கு. அவங்ககிட்ட யாருமே பேசறதில்லப்பா."

அங்கே மழை கிடையாது, சம்பளம் கிடையாது, உன் அம்மாவால் தாங்க முடியாது என்று வரிசையாக என் வாயில் வந்தன. ஒன்றைக்கூடச் சொல்லவில்லை என்று பொய் சொல்லப் போவதில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். நான் சொல்லி முடித்ததும், "அழாதீங்கப்பா" என்றாள். அப்போதுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

"அம்மாகிட்ட நான்தான் சொல்லணும். நீங்க முந்திக்காதீங்க" என்றாள் காரில்.

வீட்டில் வசந்தா சப்பாத்தி சுட்டு வைத்திருந்தாள். மூவரும் உட்கார்ந்தோம். அவள் உற்சாகமாக இருந்தாள். கயலின் அறைக்கு அடுத்த வருடத்துக்குள் வெள்ளை அடித்துவிட வேண்டும், கட்டிலைச் சுவர்ப்பக்கம் தள்ளினால் படிக்கிற மேசைக்கு இடம் வரும், டூட்டி முடிந்து பகலில் தூங்குவதற்குத் தடித்த திரை வாங்க வேண்டும் என்று பேசிக்கொண்டே போனாள். நான் சப்பாத்தியைப் பிய்த்துக் குருமாவில் புரட்டிக்கொண்டிருந்தேன்.

"என்ன, இன்னைக்கு வாயே திறக்கக் காணோம்?" என்றாள் என்னிடம். "அந்த டாக்டரம்மா வேலையப் பத்தி என்ன சொன்னாங்களாம்?"

கயல் தட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அவளக் கேளு" என்றேன்.